ஆடுகளத்தின் பதம்

அம்பாசமுத்திரத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணாச்சி, டெஸ்ட் கிரிக்கெட் ஆட வரும் வெளிநாட்டு அணிகள் நம்ம ஊரில் திணறுவது நாம் பிட்ச்சை நமக்கு வாகாகக் கெடுத்து வைப்பதால்தானா? அப்படிக் கெடுத்து வைத்தும் நியூசிலாந்திடமும் தென்னாப்பிரிக்காவிடமும் எப்படித் தோற்றோம்? அப்புறம், சித்திரை மாதம் நாங்கள் கோவில்பட்டிப் பக்கம் ஒரு இரண்டு நாள் போட்டிக்குப் போகிறோம். எங்களுக்குப் பாய் விரித்த மேட்டிங்கில்தான் பழக்கம். அங்கே கரிசல் மண் பிட்ச் என்கிறார்கள். என்ன செய்யலாம்?"

நான் பாளையங்கோட்டையிலும் சுற்று வட்டாரத்திலும் இருபது வருஷத்துக்கு மேல் ஆடினவன். ஆடாத நாளில் ரோலர் இழுத்தவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், தம்பி. மூன்று கேள்வியும் ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன. மண்ணுக்குள் எவ்வளவு ஈரம் இருக்கிறது, அது எந்த நேரத்தில் வெளியே போகிறது என்பதுதான் அந்த இடம்.

இதை நான் முதலில் படித்தது எங்கள் ஊர்க் குளத்தில். பிசான அறுப்பு முடியும்போது குளம் வற்றத் தொடங்கும். தண்ணீர் பின்வாங்கின இடத்தில் கரம்பை மண் மேசை போலச் சமமாக இறுகிக் கிடக்கும். பங்குனியில் அங்கே ஸ்டம்ப் நட்டால் பந்து சொன்னபடி வரும். மட்டையில் பட்டால் சத்தமே தனி. பத்துப் பதினைந்து நாள் போனால் மயிரிழை போல வெடிப்பு ஓடும். அப்போதும் ஆடலாம், ஆனால் ஆறு பந்தில் ஒன்று ஏமாற்றும். சித்திரை பாதியில் வெடிப்புக்குள் விரல் போகும். மண் தட்டுத் தட்டாகப் பிரிந்து ஓரங்கள் மேலே சுருண்டு நிற்கும். பந்து தட்டின் நடுவில் விழுந்தால் கணுக்காலுக்கு வரும், ஓரத்தில் விழுந்தால் முகத்துக்கு வரும். டெஸ்ட் ஆடுகளத்தில் ஐந்து நாளில் நடப்பதை அந்தக் குளம் இரண்டு மாதமாக நிதானமாகக் காட்டிக்கொண்டிருந்தது.

காரணம் களிமண். பிட்ச் என்பது 22 கெஜ நீளமும் 10 அடி அகலமும் உள்ள, இறுக்கி உருட்டிய களிமண் பாளம். மீட்டரில் சொன்னால் 20.12-க்கு 3.05. மணல் மிகுந்தால் பாளம் கட்டாது. திசையன்விளைத் தேரி மண்ணை என்ன உருட்டினாலும் பிட்ச் ஆகாது. களி கூடக் கூட இறுக்கமும் கூடும், பந்தும் எழும்பும். ஆனால் களியிலும் சாதி உண்டு. கரிசலில் இருக்கும் மான்ட்மோரிலோனைட் என்ற களி, தண்ணீர் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். செம்மண் களி அவ்வளவாக ஊதாது. ஆகவே கரிசல் பிட்ச் ஈரத்தை வெகுநாள் பிடித்து வைத்துக்கொள்ளும். பந்து மெதுவாக, தணிந்து வரும். வெடித்தாலும் தட்டுகள் சட்டென்று உதிராது. செம்மண் பிட்ச்சில் பந்து எகிறும், வேகமாக வரும். ஈரம் போனதும் மேல்பரப்பு பொடியாகும், அப்புறம் சுழல் கூடும். மும்பை வான்கடே செம்மண். கான்பூர் கரிசல். அகமதாபாத் மைதானத்தில் இரண்டு வகைப் பாளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அங்கே எந்தப் பாளத்தில் ஸ்டம்ப் நடுவது என்று முடிவு செய்யும்போதே ஆட்டத்தில் பாதி முடிவாகிவிடுகிறது.

தயாரிப்பைப் பற்றி இணையத்தில் வாசிப்பவர்கள் ரோலரைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் ரோலருக்கு மூன்றாவது இடம்தான். முதலிடம் தண்ணீருக்கு, இரண்டாமிடம் புல்லுக்கு.

நம் நாட்டு பிட்ச்சிலும் ஆஸ்திரேலிய பிட்ச்சிலும் இருப்பது பெர்முடா புல் என்பார்கள். அது வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லும் அதன் வகைகளும்தான். அதன் வேர் கீழே இறங்கிப் பாளத்தைப் பிணைத்து வைக்கும். அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் செய்யும். ரோலர் பிழிய முடியாத ஆழத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சி இலை வழியாக வெளியேற்றும். புல் உயிரோடு இருந்தால்தான் பாளம் அடிவரை ஒரே சீராகக் காயும். புல்லைக் கொன்றுவிட்டு வெயிலில் காயப் போட்டால் மேலே ஓடு போல இறுகும், உள்ளே சகதியாக இருக்கும். இரண்டாம் நாளே அந்த ஓடு உடையும். "முதல் நாளே பந்து துள்ளுது, தூசி பறக்குது" என்று நீங்கள் டிவியில் பார்க்கும் பிட்ச் பெரும்பாலும் இப்படி அவசரத்தில் காய்ந்ததுதான்.

தண்ணீரை எப்போது நிறுத்துவது என்பதில்தான் கைத்திறமை. அறுப்புக்கு முன்னால் வயலில் தண்ணீரை வடிக்க நாள் பார்ப்பது போலத்தான் இதுவும். நன்றாக ஊற நனைத்து, ஊறின பிறகு விட்டுவிட்டு, சரியான பதம் வரும்போது உருட்ட வேண்டும். அந்தப் பதத்தைக் கருவி வைத்தும் அளக்கிறார்கள். நான் கற்றது கையால். மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டினால் திரியாக நீள வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. காருகுறிச்சியில் பானை வனைகிறவரிடம் கேட்டாலும் இதையே சொல்வார். அதற்கு முன்னால் ரோலர் ஏற்றினால் மண் ரோலரோடு ஒட்டிக்கொண்டு பெயர்ந்து வரும். பதம் தாண்டின பிறகு ஏற்றினால் எத்தனை டன் ரோலரானாலும் பாறை மேல் உருட்டுவது போலத்தான், ஒரு நூல்கூட இறுகாது. அதனால் முதலில் கனம் குறைந்த ரோலர், அப்புறம் கனமானது, குறுக்கே, நெடுக, தினமும் மெதுவாக. நல்ல பாளத்துக்குப் பத்து நாளாவது வேண்டும்.

இதில் நம் பக்கத்துக்கென்று ஒரு தலைவலி உண்டு. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று. திருநெல்வேலி சங்கர் நகர் மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) ஆட்டம் பார்த்தவர்களுக்கு அந்தக் காற்று தெரியும். உயர்ந்து போன பந்துக்குக் கீழே பீல்டர் தள்ளாடுவது அதனால்தான். அதே காற்று பிட்ச்சின் ஈரத்தையும் ஒரே மதியத்தில் உறிஞ்சிவிடும். அதனால் ஆடியில் சாயங்காலம் தண்ணீர் விட்டு, காலையில் காற்று எழும்புவதற்கு முன்பே உருட்டி முடிப்போம். தென்காசிப் பக்கம் போனால் எல்லாமே தலைகீழ். சாரல் விழுந்துகொண்டே இருக்கும், காயவே காயாது. ஐம்பது கிலோமீட்டருக்குள் இரண்டு ஊர், இரண்டு முறை. அப்படியானால் பிரிஸ்பேனிலிருந்தும் லீட்ஸிலிருந்தும் வருகிறவன் நிலையை யோசித்துப் பாருங்கள்.

சரி, கெடுத்து வைக்கிறோமா? பல தடவை செய்திருக்கிறோம், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. 1988 ஜனவரியில் சேப்பாக்கத்தில் ரிச்சர்ட்ஸின் வெஸ்ட் இண்டீஸ் அணிக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடிய நரேந்திர ஹிர்வானி 136 ரன்னுக்கு 16 விக்கெட் எடுத்தார். கிரண் மோரே அந்த ஆட்டத்தில் ஆறு ஸ்டம்பிங் செய்தார். ஹிர்வானி அருமையாகப் போட்டார். அந்தப் பாளமும் அவருக்காகவே காய்ந்து கிடந்தது. 2015-ல் நாக்பூரில் தென்னாப்பிரிக்கா 79 ரன்னில் சுருண்டது. சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐ.சி.சி.) அந்த பிட்ச்சை மோசம் என்று மதிப்பிட்டது.

ஆனால் இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. புல்லை நீளமாக விட்டுப் பச்சையாக வைப்பதும் அதே வேலைதான், கண்ணுக்கு அழகாகத் தெரிவதால் யாரும் திட்டுவதில்லை. 2024 ஜனவரியில் கேப்டவுனில் ஆடிய டெஸ்ட் மொத்தம் 642 பந்தில் முடிந்தது. முடிவு கண்ட டெஸ்டுகளில் அதுதான் மிகக் குறுகியது. தென்னாப்பிரிக்கா 55-க்கு அவுட், சிராஜ் 15 ரன்னுக்கு 6 விக்கெட். நாம் 153-ல் நிற்கும்போது ஒரு ரன்கூட சேராமல் ஆறு விக்கெட் விழுந்தது. 2025 டிசம்பரில் மெல்போர்னில் முதல் நாளே இருபது விக்கெட், இரண்டு நாளில் ஆட்டம் முடிந்தது. பாகிஸ்தான் 2024-ல் செய்ததை நான் வியந்து பார்த்தேன். முல்தானில் இங்கிலாந்து 823 ரன் அடித்து ஜெயித்துப் போனதும், அடுத்த டெஸ்டை அதே பாளத்திலேயே வைத்தார்கள். பெரிய பெரிய மின்விசிறிகளை நிறுத்திக் காய வைத்தார்கள். சுழல் வீரர்கள் நோமான் அலியும் சாஜித் கானும் சேர்ந்து இருபது விக்கெட்டையும் எடுத்தார்கள். ராவல்பிண்டியிலும் அதே வழியில் காய வைத்துத் தொடரையே வென்றார்கள்.

என் கட்சி இதுதான்: தன் மண்ணுக்கு ஏற்ற பிட்ச் போடுவது அந்த ஊரின் உரிமை. ஆட்டம் தொடங்கின பிறகு யாரும் கை வைக்க முடியாது. விதிப்படி நடுவில் தண்ணீர் விடக் கூடாது. முதல் இன்னிங்ஸ் தவிர மற்ற இன்னிங்ஸ் தொடங்கும்போதும், ஒவ்வொரு நாள் காலையிலும் அதிகபட்சம் ஏழு நிமிடம் உருட்டலாம். வேண்டுமா என்று கேட்பது பேட்டிங் அணியின் கேப்டன். எல்லை மீறினால் இப்போதைய முறையில் திருப்தியில்லை என்றால் ஒரு குறைப் புள்ளி, தகுதியில்லை என்றால் மூன்று. ஐந்து வருஷத்துக்குள் ஆறு சேர்ந்தால் அந்த மைதானத்துக்கு ஒரு வருஷம் சர்வதேச ஆட்டம் கிடையாது.

அப்புறம் ஏன் தோற்றோம் என்ற கேள்வி. இதுதான் எனக்கு மனசு வலிக்கிற இடம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

2013-லிருந்து சொந்த மண்ணில் தொடர்ந்து 18 டெஸ்ட் தொடர்களை வென்றோம். 2024-ல் நியூசிலாந்து வந்து 3-0 என்று துடைத்துவிட்டுப் போனது. புனேயில் அவர்களுடைய சுழல் வீரர் சான்ட்னர் 13 விக்கெட். மும்பையில் 147 எட்ட வேண்டியிருந்தது, 121-ல் முடிந்தோம். மும்பையிலேயே பிறந்த அஜாஸ் பட்டேல் 11 விக்கெட் எடுத்தார். 2025 நவம்பரில் கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 124 தேவை, 93-ல் அவுட். அவர்களுடைய ஆஃப் ஸ்பின்னர் சைமன் ஹார்மர் இரண்டு இன்னிங்ஸிலும் நான்கு நான்கு. இதற்கெல்லாம் முன்னாலேயே 2017-ல் புனேயில் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஓ'கீஃப் 12 விக்கெட் எடுத்து எச்சரிக்கை கொடுத்திருந்தார். 2023-ல் இந்தூரிலும் அதுவே நடந்தது. இந்த எல்லா ஆட்டத்திலும் பந்து முதல் நாளோ இரண்டாம் நாளோ கன்னாபின்னாவென்று திரும்பியது.

இதில் நடப்பது என்ன? நல்ல பாளத்தில் அஸ்வினுக்கும் வெளியூர் சுழல் வீரனுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். காற்றில் பந்தை மிதக்க விடுவது, கோணம் மாற்றுவது, நாலு ஓவர் பொறுமையாக வலை பின்னுவது, இதெல்லாம் தெரிந்தால்தான் அங்கே விக்கெட். பாளம் ஒரேயடியாக உடைந்து கிடந்தால் அந்தத் திறமை தேவையே இல்லை. ஒரே இடத்தில் வேகமாகக் குத்திக்கொண்டே இருந்தால் போதும். ஒரு பந்து திரும்பும், அடுத்தது திரும்பாமல் நேரே போய்க் காலில் படும். போட்டவனுக்கே எது திரும்பும் என்று தெரியாதபோது ஆடுகிறவன் என்ன செய்வான்? நம்முடைய 500 விக்கெட் வீரரும் அவர்களுடைய 50 விக்கெட் வீரரும் ஒரே வரிசையில் வந்து நின்றுவிடுகிறார்கள். கூடவே டாஸ் பெரிதாகிவிடுகிறது. எதிரிக்கு வெட்டிய குழி நம் பேட்ஸ்மேன்களுக்கும் அதே ஆழம்தான்.

2021-ல் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டாவது டெஸ்ட் நடந்த பாளமும் திரும்பத்தான் செய்தது. ஆனால் அதில் ஆட முடிந்தது. அஸ்வின் முதல் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்து, பிறகு 106 அடித்தார். 317 ரன்னில் ஜெயித்தோம். அந்த மாதிரிப் பாளம் போடுவதில்தான் கிரவுண்ட்ஸ்மேனுக்குப் பெருமை.

ஆனாலும் பிட்ச் மேலேயே எல்லாப் பழியையும் போட எனக்கு மனசு வரவில்லை. கொல்கத்தாவுக்கு அடுத்து குவாஹாட்டியில் போட்டது நல்ல பேட்டிங் பாளம். தென்னாப்பிரிக்கா 489 அடித்தது. அதில் செனுரன் முத்துசாமி சதம். நாம் 201-ம் 140-ம். 408 ரன் வித்தியாசத்தில் தோற்றோம். சுழலைக் கால் நகர்த்தி ஆடும் பழக்கமே நம்மிடம் தேய்ந்துகொண்டு வருகிறது. நான் பார்க்கும் பையன்களுக்குக் கிரீஸில் நின்றபடியே தூக்கி அடிக்கத் தெரிகிறது. பந்து விழும் இடத்துக்குப் போய் அதைச் சாகடிக்கத் தெரியவில்லை.

இனி வருகிறவர்களின் கஷ்டம். மண்ணை விட அவர்களுக்குப் பெரிய குறை நாட்கள்தான். அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் வந்து, ஊர் ஊராகப் பயிற்சி ஆட்டம் ஆடி, வெயிலும் மண்ணும் பழகின பிறகுதான் டெஸ்ட். இப்போது விமானம் இறங்கிச் சில நாளில் டாஸ். 2012-ல் இங்கிலாந்து அகமதாபாத்தில் ஒன்பது விக்கெட்டில் தோற்றது. ஆனால் குக் அந்தத் தோல்வியிலேயே 176 அடித்து இப்படித்தான் ஆட வேண்டும் என்று காட்டிவிட்டார். அடுத்து மும்பையில் பீட்டர்சன் 186, பனேசரும் ஸ்வானும் சேர்ந்து 19 விக்கெட், தொடர் 2-1. 2024-ல் இங்கிலாந்து அபுதாபியில் பயிற்சி எடுத்துவிட்டு வந்து ஹைதராபாத்தில் ஜெயித்தது. போப் ஸ்வீப்பும் ரிவர்ஸ் ஸ்வீப்பும் ஆடி 196 எடுத்தார். அடுத்த நான்கிலும் தோற்றார்கள். ஒரு ஆட்டத்துக்குத் துணிச்சல் போதும், ஐந்து ஆட்டத்துக்குப் பழக்கம் வேண்டும். ஹார்மரைப் பாருங்கள். 2015-ல் இங்கே வந்து தொடரைத் தோற்ற அணியில் ஆடினார். பிறகு மும்பைக்கே வந்து பயிற்சி எடுத்தார், இங்கிலாந்துக் கவுன்டியில் வருஷக்கணக்காகப் பந்து போட்டார். பத்து வருஷம் கழித்துத் திரும்பி வந்து இரண்டு டெஸ்டில் 17 விக்கெட் எடுத்தார்.

பந்தும் மாறுகிறது. இங்கே எஸ்.ஜி., இங்கிலாந்தில் டியூக்ஸ், ஆஸ்திரேலியாவில் கூக்கபுரா. கூக்கபுராவின் தையல் சீக்கிரம் அமுங்கிவிடும், நம் சுழல் வீரர்களுக்கு அங்கே விரலுக்குப் பிடி கிடைக்காது. வெயில் வேறு. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்தபடியே 210 அடித்து, அப்புறம் ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றிக்கொண்டார்; அந்த டெஸ்ட் டையில் முடிந்தது. காலடித் தடம் இன்னொன்று. இடது கை வேகப்பந்து வீரர் ஓவர் தி விக்கெட் (பந்து போடும் கை ஸ்டம்புப் பக்கம் இருக்க) போட்டால், அவர் ஓடி முடிக்கும் தடம் அந்த முனையில் வலது கை பேட்ஸ்மேனின் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழும். எதிர் முனையிலிருந்து வரும் ஆஃப் ஸ்பின்னருக்கு அது தயாராக வெட்டி வைத்த பள்ளம். தங்கள் அணியில் அப்படி ஒருவரைக் கூட்டி வருகிற டீம், பாதி பிட்ச்சைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

நாமும் வெளியே போனால் இதே பாடுதான். 2020 டிசம்பரில் அடிலெய்டில் 36-க்கு அவுட். ஆனால் அந்த அணி அங்கேயே இருந்து, அந்த எழும்பலுக்குப் பழகி, அடுத்த மாதம் பிரிஸ்பேனில் 328 துரத்தி ஜெயித்தது. அன்றைக்கு நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் முதல் டெஸ்ட் ஆடினார்கள். எனக்கு இன்னும் நினைத்தால் கண் கலங்கும்.

இப்போது உங்கள் கோவில்பட்டி விஷயம். நானும் மேட்டிங்கில் வளர்ந்தவன்தான். தென்னை நார்ப் பாயில் பந்து எப்போதும் இடுப்புக்கு எழும்பும், நாள் முழுக்க மாறாது. அதனால் பின்னங்காலில் நின்று வெட்டப் பழகியிருப்போம். முதல் தடவை கரிசலுக்குப் போனபோது அதே ஆட்டத்தை ஆடினோம். பந்து தணிந்து வந்து ஷின் பேடில் அடித்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முழு அணியும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தது.

அதனால் இப்போதே மேட்டிங்கைச் சுருட்டி வைத்துவிட்டு, வற்றின குளத்தில் ஒரு இடம் பார்த்துத் தண்ணீர் தெளித்து, கை ரோலர் உருட்டி, இரண்டு வாரம் அங்கே ஆடுங்கள். முன்னங்காலை நீட்டி, மட்டையும் பேடும் ஒட்டி, நேராக. பின்னங்காலில் கட் ஷாட் ஆடுவதை அங்கே போய் முதல் ஒரு மணி நேரம் மறந்துவிடுங்கள். பந்து போடுகிறவர்கள் ஷார்ட்டாகப் போட்டு எழுப்பப் பார்க்க வேண்டாம், எழும்பாது. ஸ்டம்புக்கு நேராக, முழங்காலுக்குக் கீழே வருகிற மாதிரி. வேகப்பந்து வீரரைவிட, தையலில் விரலை உருட்டி மெதுவாகப் போடுகிறவர் அங்கே அதிகம் விக்கெட் எடுப்பார்.

முடிந்தால் ஆட்டத்துக்கு முந்தின நாள் மதியமே போய்விடுங்கள். பிட்ச்சைக் கட்டை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் இறங்கினால் மறுநாள் காலை ஈரம் இருக்கும், டாஸ் ஜெயித்தால் முதலில் பந்து போடலாம். இறங்காவிட்டால் யோசிக்காமல் பேட்டிங் எடுங்கள், இரண்டாம் நாள் மதியம் அங்கே வெடிப்பு விரியும். அப்புறம் அங்கே ரோலர் உருட்டுகிற அண்ணாச்சி யார் என்று விசாரித்து, கூட உட்கார்ந்து ஒரு டீ குடியுங்கள். கடைசியாக என்றைக்குத் தண்ணீர் விட்டார் என்று கேளுங்கள். அநேகமாக மறைக்க மாட்டார், சந்தோஷமாகச் சொல்வார். நாலு நாளைக்கு முன்னால் என்றால் இரண்டு ஸ்பின்னர் போதும். ஏழெட்டு நாள் ஆகிவிட்டது என்றால் மூன்றாவது ஆளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.